பிரம்பு நாற்காலி பராமரிப்பு: துடைப்பது சுலபம், காயவைப்பதுதான் வேலை

பிரம்பு சோபா வாங்கப் போகிறவர்கள் கடையில் தவறாமல் கேட்பது, “தண்ணி படலாமா?” படலாம், ஊறித்தான் கிடக்கக் கூடாது. பிரம்பை வளைத்து நாற்காலியாக்குவதே ஆவியும் சூடும் காட்டித்தான். அதனால் கொஞ்சம் ஈரத்துக்கு அது பயப்படாது. ஈரம் உள்ளேயே தங்கினால் பூஞ்சை வரும், ஒரேயடியாக வறண்டால் வெடிக்கும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டுக்கும் நடுவில் அதை வைத்திருக்கத்தான்.

1. முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பினால் கால் நுனியில் வெட்டிய இடம் தெரியும். உள்ளே கெட்டியாக, ஊசி குத்தியது போல் பொடித் துளைகளோடு இருந்தால் பிரம்பு. நடுவில் வெற்றிடம் இருந்தால் மூங்கில். இழையெல்லாம் ஒரே அகலம், ஒரே நிறம், உள்ளே இரும்புக் குழாய் என்றால் அது பிளாஸ்டிக் பின்னல். அதைக் குழாயடியில் வைத்தே கழுவிவிடலாம், இவ்வளவு உபசாரம் வேண்டாம்.

பிரம்பு பனை, தென்னை குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. (வாத்தியார் கையில் இருந்ததும் இதுதான்.) அதன் மேல்தோல் வழவழப்பானது, லேசில் நீரை உள்ளே விடாது. தோல் சீவிய உட்பகுதி அப்படியில்லை, தண்ணீர், டீ, எண்ணெய் எல்லாவற்றையும் குடித்துக் கறையாக்கிக்கொள்ளும். உங்களுடையது எது என்று தெரிய, அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் தோலோ வார்னிஷோ இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கறுத்தால் வெறும் பிரம்பு. இந்த விஷயம் 5ஆம் படியில் தேவைப்படும்.

2. தூசி

வாரம் ஒருமுறை போதும். பின்னலின் இடுக்கில் துணி நுழையாது, அதனால் பயன்படுத்தாத பெயின்ட் பிரஷ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். 2 அங்குல பிரஷ் கைக்கு வசதி. வாக்யூம் கிளீனர் இருந்தால் பிரஷ் முனையை மாட்டி மெதுவாக இழுக்கலாம். தூசியைத் தட்டாமல் ஈரத்துணி போட்டால் அது சேறாகி இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு டூத் பிரஷ்ஷோடு உட்கார வேண்டியதுதான்.

3. துடைத்தல், காயவைத்தல்

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, பின்னல் போகும் திசையிலேயே துடையுங்கள். அடுத்து வெறும் தண்ணீரில் பிழிந்த துணி, கடைசியாக உலர்ந்த துணி.

இனி அதை யாரும் தொடக் கூடாது. ஃபேன் காற்றில், நிழலில், ஒரு நாள் விடுங்கள். ஈரப் பிரம்பு இளகியிருக்கும், அந்த நேரத்தில் உட்கார்ந்தால் பின்னல் தொய்ந்து அப்படியே நின்றுவிடும். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைக்கவும் வேண்டாம். சித்திரை வெயில் பிரம்பை வெளுக்கவைத்து வெடிக்கவைக்கும்.

நாம் தினமும் வீடு துடைக்கிறோம் இல்லையா, அதில்தான் பிரம்புக்குப் பெரிய சேதம். மாப் தண்ணீர் காலின் வெட்டிய நுனி வழியாக மேலே ஏறும். கால் அடியில் கறுப்பு வளையம் தெரிந்தால் காரணம் இதுதான். வெட்டிய நுனியில் இரண்டு கோட் வார்னிஷ் பூசி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நைலான் குமிழ் அடித்துவிடுங்கள். காலை மூடும் ரப்பர் மூடியை நான் சொல்ல மாட்டேன், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

4. தொய்ந்த இருக்கையை இறுக்குதல்

அறுகோணக் கண்கள் வைத்துப் பின்னிய பழைய நாற்காலி இருக்கை பள்ளமாகிவிட்டால் உடனே புதுப் பின்னலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பிரம்புப் பட்டை ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கும். அந்தக் குணத்தை வைத்தே இறுக்கிவிடலாம். இழை எதுவும் அறுந்திருக்கக் கூடாது, பிளாஸ்டிக் ஒயராகவும் இருக்கக் கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். இருக்கையின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் வார்னிஷ் இருக்காது, தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் ஒரு துண்டை முக்கிப் பிழிந்து, பின்னல் முழுவதும் படும்படி விரித்து, 20–30 நிமிடம் விடுங்கள். சட்டத்தின் மூட்டுகளில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பசை விட்டுவிடும். துண்டை எடுக்கும்போது இழைகள் கொஞ்சம் கறுத்து, இன்னும் தொய்ந்திருக்கும். பயப்பட வேண்டாம். இரவு முழுக்கக் காய்ந்த பின் விரலால் சுண்டிப் பாருங்கள், தொளதொளவென்று இருந்தது விறைப்பாகி லேசாகச் சத்தம் கொடுக்கும். 24 மணி நேரம் கழித்து உட்காரலாம். பள்ளம் மிச்சமிருந்தால் இன்னொரு முறை செய்யலாம்.

அறுந்த இழைக்கு இது உதவாது, பின்னுகிறவரைத்தான் கூப்பிட வேண்டும். பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சிகளில் நாற்காலி பின்னுவது நெடுங்காலமாக இருக்கிறது. அரசு அலுவலக நாற்காலிகள் பலவற்றின் பின்னல் அவர்கள் கைவேலைதான். உங்கள் ஊரில் அப்படி ஒரு பயிற்சி மையம் இருந்தால் அங்கே விசாரியுங்கள்.

5. எண்ணெய்

தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. தடவாதீர்கள். அது காயாத எண்ணெய், பிசுபிசுப்பாகவே நின்று தூசியைப் பிடிக்கும். காய்ந்து படலமாகும் எண்ணெய்தான் வேண்டும். பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று கேளுங்கள், ஆளி விதை எண்ணெய்தான் அது.

சொட்டை உறிஞ்சிய வெறும் பிரம்புக்கு மட்டும் இது. வார்னிஷ் மேல் தடவினால் உள்ளே இறங்காது. துணியில் கொஞ்சமாகத் தொட்டு மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு, ஒட்டாமல் காயும் வரை விடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். கோடைக்கு முன் ஒருமுறை செய்வது நல்லது. நாளெல்லாம் ஏசி ஓடும் அறை என்றால் கட்டாயம்.

எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே பிரித்துப் போட்டுக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

6. ஐப்பசி, கார்த்திகை

அடைமழைக் காலத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படர்ந்தால் பூஞ்சை. மாஸ்க் போட்டுக்கொண்டு, பால்கனிக்குக் கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் முதலில் தட்டுங்கள். அப்புறம் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, ஃபேனில் காயவைக்க வேண்டும். மறைவான இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் நிறத்தைக் கெடுக்கும். மழை நாட்களில் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், மெத்தைகளையும் அவ்வப்போது நிமிர்த்தி வையுங்கள்.

7. கீழே மாவு கொட்டினால்

குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் தரையில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் வண்டு. பிரம்பில் உள்ள மாவுச்சத்துதான் அதன் சாப்பாடு. பழைய ஓட்டையா புதியதா என்று அறிய, தூளைத் துடைத்துவிட்டுக் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். மறுபடி தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. உடனே மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்துவிடுங்கள். மரப்பூச்சிக்கான மருந்தைக் கையுறை போட்டு, ஊசி போடும் சிரிஞ்சால் ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்தி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி வைக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பூச்சி ஒழிப்பு ஆட்களிடமே விட்டுவிடலாம். அழுத்தினால் கால் உள்ளே அமுங்குகிறது என்றால் உளுத்துவிட்டது, அதில் இனி யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

8. அவிழ்ந்த கட்டு

மூட்டில் சுற்றிய பட்டை அவிழ்ந்தால் அதே நாளில் கட்டிவிடுவது நல்லது, விட்டால் மூட்டே ஆடத் தொடங்கும். அவிழ்ந்த பட்டையை அரை மணி நேரம் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் உடையாமல் வளையும். இறுக்கிச் சுற்றி, நுனியில் மரப்பசை வைத்து, காயும் வரை துணிக் கிளிப்பால் பிடித்து வையுங்கள். சட்டமே விரிசல் விட்டிருந்தால் பிரம்பு வேலை தெரிந்தவரிடம் போக வேண்டும். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கொள்ளிடம் பக்கம் தைக்கால் என்ற ஊரில் பலருக்குப் பிரம்பு வேலைதான் பிழைப்பு. அந்த வழியில் போகிறவர்கள் உடைந்த பாகத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனால், அவர்களிடம் காட்டிச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம்.