மூணு தரம் சொல்வதற்குள்: மாடு, ஆடு வாங்கப் போகும் பெங்களூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

என் பெரியப்பா போச்சம்பள்ளிப் பக்கம் கோயில் ஏலம் விடுகிறவர். ஆடி மாசம் நேர்த்திக்கடனாக வந்து சேரும் கிடா, சேவல், கன்றுக்குட்டி எல்லாம் அவர் குரலில்தான் விலைபோகும். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்துக்கொண்டே போவார். மூணாவது தரம் வாயிலேயே நிற்கும். எவனாவது ஐந்நூறு ஏற்றிக் கேட்ட பிறகுதான் அது வெளியே வரும். அதே மனுஷன் தனக்கென்று ஒரு பசு பார்க்கப் போனால், விடியற்காலையில் கிளம்பிச் சாயங்காலம் வெறுங்கையோடு திரும்புவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஏலத்துல நான் விக்கிறது அவசரத்தைத்தான்டா. என் சரக்கை நானே வாங்குவனா?" என்றார்.

நான் இருப்பது அல்சூரில். ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை என்று ஓர் ஏக்கர் வாங்கிப்போட்ட நண்பர்கள் நிறைய. நிலம் வாங்கிய ஆறாம் மாசம் ஒரு மாடு, நாலு ஆடு வேண்டுமென்று ஆசை வந்துவிடும். பெரியப்பாவோடு அவர்களைச் சந்தைக்குக் கூட்டிப்போன அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் தவறு, டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. சந்தை விடிவதற்கு முன்பே கூடிவிடும். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால், நல்லதெல்லாம் வண்டியேறியிருக்கும். மிச்சமிருப்பதைத் தரகர் உங்கள் ஷூவைப் பார்த்து விலை சொல்வார்.

அடுத்தது, எதற்கு வாங்குகிறோம் என்று தெளிவில்லாமல் அழகைப் பார்த்து மயங்குவது. தொட்டபள்ளாபுரம் அருகே காட்டி சுப்ரமண்யாவில் டிசம்பர், ஜனவரி வாக்கில் கூடும் மாட்டுச் சந்தைக்கு ஒரு நண்பரோடு போனேன். சாம்பல் நிறம், பின்னால் வளைந்த நீளக் கொம்பு, ஹள்ளிகார். பார்த்ததும் சொக்கிப்போனார். வீட்டுப் பாலுக்கு இதுவே போதும் என்றார். ஹள்ளிகார் ஏருக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். பசு கன்றுக்கு ஊட்டியதுபோக உங்களுக்கு ஒன்றிரண்டு லிட்டர் கிடைத்தால் பெரிசு. அது போதுமென்றால் தாராளமாக வாங்குங்கள். அதிகப் பால் வேண்டுமென்றால் கலப்பின மாடுதான். அதற்கு நிழல், பசுந்தீவனம், தினமும் ஓர் ஆள் வேண்டும். வாரக்கடைசி விவசாயிக்கு அது ஒத்துவராது.

பல் விஷயம். மாட்டின் வாயைத் திறந்து பார்த்த ஒரு நண்பர், "மேல்பல்லே இல்ல, கிழடு" என்று கிசுகிசுத்தார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையவே கிடையாது. கீழே உள்ள எட்டைத்தான் பார்க்க வேண்டும். சிறுசாக இருந்தால் பால்பல். நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் மாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயசு. நாலு பல்லுக்கு மூன்று சொச்சம். எட்டும் சேர்ந்துவிட்டால் நாலரை, ஐந்து. ஆடு இதைவிடச் சீக்கிரம், ஒன்றே கால் வயசிலேயே இரண்டு பல் போட்டுவிடும். எட்டும் சேர்ந்த பிறகு வயசு சொல்வதெல்லாம் தேய்மானத்தைப் பார்த்து ஊகிப்பதுதான். "கடை சேர்ந்து (எட்டுப் பல்லும் முளைத்து) ஒரு வருஷம்தான் ஆச்சு" என்று யாராவது சத்தியம் பண்ணினால் சிரித்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போங்கள்.

மடியைப் பார்த்து விலை பேசுவதுதான் பெரிய செலவு வைக்கும் தவறு. முதல்நாள் சாயங்காலம் கறக்காமலே விட்டுச் சந்தைக்கு ஓட்டிவந்தால் எந்த மடியும் குடம்போல நிற்கும். "வேளைக்கு எட்டு லிட்டர்" என்பார்கள். பெரியப்பாவின் வழக்கம், மாடு பிடித்திருந்தால் விற்பவர் வீட்டுக்கே போய்விடுவது. தொடர்ந்து மூன்று வேளை பக்கத்தில் உட்கார்ந்து கறக்கச் சொல்வார். முதல் வேளையில் தேங்கிய பால் போய்விடும், அடுத்த இரண்டு வேளையும்தான் உண்மை சொல்லும். நாலு காம்பையும் தனித்தனியாகக் கறக்க வேண்டும். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக வந்தால் மடிநோய். கன்றும் அதனுடையதுதானா என்று பார்க்க வேண்டும். ஈன்று நாளான மாட்டோடு வேறொரு இளங்கன்றைக் கட்டி நிறுத்துவதுண்டு. அவிழ்த்துவிட்டால் தெரிந்துவிடும், தாய் நக்கும், மற்றது உதைக்கும். சினை என்று சொல்லி விற்றால் கால்நடை மருத்துவரை அழைத்துப் போங்கள். மூன்று மாசம் தாண்டிய சினையை அவர் கைவிட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

மாட்டின் உடம்பில் ரோமம் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்வார்களே, அந்தச் சுழி பார்ப்பது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் பாடைச்சுழி என்று ஊர் சொல்லும் மாட்டை நாளைக்கு விற்கப் போனால் வாங்க ஆளிருக்காது. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளலாம். பெரியப்பாவின் தொழுவத்தில் அப்படி வந்த பசு ஆறு ஈத்து ஈன்றது.

துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும் இடத்தில் ஆசைக்குக்கூடக் கை நீட்டாதீர்கள். ஒரு விரல் நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பது நிற்கும் உருப்படியைப் பொறுத்தது, ஊருக்கு ஊர் கணக்கும் மாறும். தரகு யார் தருவது, எவ்வளவு என்று அச்சாரம் கொடுக்கும் முன் வாய்விட்டுக் கேளுங்கள்.

கோயில் ஏலத்தில் கேட்கப் போனால் கதையே வேறு. அங்கே விலை கிடாவுக்கு மட்டுமில்லை, சாமி பேருக்கும் ஊர் கௌரவத்துக்கும் சேர்த்துத்தான் ஏலக் கேள்வி ஏறும். மனசுக்குள் ஒரு தொகையை வைத்துக்கொண்டு, அது தாண்டியதும் டீ குடிக்கப் போய்விடுவது நல்லது. பணம் உடனே கட்ட வேண்டுமா என்று முன்னாடியே விசாரியுங்கள். எடுத்த பிறகு "கால் நொண்டுது" என்றால் யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.

பக்ரீத்துக்கு முன் சாமராஜ்பேட்டை ஈத்கா மைதானத்தில் ஆடு பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. வயிறு நிறையத் தண்ணி காட்டிய ஆடு கண்ணுக்குக் கனமாகத் தெரியும். கையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 30 அங்குலம், தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் 26 என்று வையுங்கள். 30-ஐ 30-ஆல் பெருக்கி, 26-ஆல் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் 78 பவுண்டு, அதாவது சுமார் 35 கிலோ. துல்லியமில்லை, ஆனால் "ஐம்பது கிலோ சார்" என்பவரிடம் பேச இது போதும். கறிக்குப் பேர்போன பன்னூர்ச் செம்மறி ஆடு என்று சொல்வதெல்லாம் பன்னூர் இல்லை. அசல் பன்னூர் குட்டைக்கால், உருண்ட உடம்பு, பின்னாலிருந்து பார்த்தால் கவிழ்த்த 'ப' மாதிரி இருக்கும்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. இதில் நானே தோற்றவன். வாங்கிவந்த முதல் வாரம், ஒரு கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுபோய் ஆடுகளுக்குக் கொட்டினேன். ஆசையாகத் தின்றன. மறுநாள் அசைபோடவில்லை, வயிறு தளும்பியது, இரண்டு செத்துப்போயின. புல்லுக்குப் பழகிய முதல் இரைப்பையில் திடீரென்று அவ்வளவு மாவுச்சத்து போனால் புளித்து அமிலமாகிவிடும். அங்குள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு, மூன்று வாரமாவது ஆகும். அதனால் விற்றவரிடமே இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, முடிந்தால் அதையே ஒரு மூட்டை வாங்கிவந்து, மெல்ல மாற்ற வேண்டும். அபார்ட்மெண்ட் காய்கறிக் கழிவு கொடுப்பவர்கள் பிளாஸ்டிக் கவரைப் பொறுக்கிவிட்டுக் கொடுங்கள். அசைபோடுவது நின்றால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் 1962-க்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

புதுசை நேரே பழைய மந்தையோடு விடாதீர்கள். மூன்று வாரம் தனிக்கட்டு. கோமாரி, ஆட்டுக்கொல்லி மாதிரி தொற்றுநோய்கள் சந்தையிலிருந்துதான் பெரும்பாலும் வீடு வந்து சேரும். மாட்டின் காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை இருந்தால், அந்த எண்ணை அரசு கால்நடை மருத்துவமனையில் கொடுத்துத் தடுப்பூசி விவரம் கேளுங்கள், உரிமையாளர் பெயரையும் மாற்றுங்கள். பச்சைப்பால் உடம்புக்கு நல்லது என்று காய்ச்சாமல் குடிப்பதை விட்டுவிடுங்கள், கன்றுவீச்சு நோய்க் கிருமி மனுஷனுக்கும் தொற்றும்.

வண்டி. கர்நாடகத்தில் 2021-இல் கடுமையான பசுவதைத் தடைச் சட்டம் அமலுக்கு வந்தபின், மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டி மாடு ஏற்றிவந்தால் நிறுத்திக் கேட்பார்கள். சந்தை ரசீது, மாடு பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவர் சான்று இரண்டும் கையில் இருக்கட்டும். சான்று 1978-ஆம் வருஷத்து விலங்குப் போக்குவரத்து விதியிலேயே உண்டு, இப்போது புதுசாகக் கேட்கும் ஒன்றில்லை.

கயிறும் கொண்டுபோங்கள். எங்கள் பக்கம் மாட்டை விற்பார்கள், கயிற்றை விற்கமாட்டார்கள். உருவி எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். கே.ஆர். மார்க்கெட்டில் முந்தின நாளே ஒன்று வாங்கிவிட்டால், பேசி முடித்த மாட்டைப் பிடித்தபடி சந்தை வாசலில் கயிற்றுக்கும் பேரம் பேசிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.