புரதம் பற்றி எழுதும்போது நேரும் பிழைகள்: இன்சுலினை முன்வைத்து

மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றைச் சங்கிலியாகக் கோக்கும் பெப்டைடு பிணைப்புகள் எத்தனை இருக்கும் என்று கேட்டால், உயிரியல் படித்தவர்கள்கூடச் சற்றும் தயங்காமல் 50 என்று எழுதிவிடுகிறார்கள். அமினோ அமிலங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்க வேண்டும் என்ற சூத்திரம் மனத்தில் பதிந்திருப்பதே காரணம். சூத்திரத்தில் குற்றமில்லை; ஆனால் அது ஒரே சங்கிலிக்கு உரியது. இன்சுலினில் 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ சங்கிலியும் 30 கொண்ட பி சங்கிலியும் தனித்தனியாக உள்ளன. ஆகவே 20-ம் 29-ம் சேர்ந்து 49 என்பதே விடை. இரு சங்கிலிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பவை, இரண்டு கந்தக அணுக்கள் இணையும் டைசல்பைடு பிணைப்புகள்: சங்கிலிகளுக்கு இடையே இரண்டு, ஏ சங்கிலிக்குள்ளேயே மூன்றாவதாக ஒன்று.

புரதம் பற்றிய விடைத்தாள்களில் நான் காணும் பிழைகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததே. எழுதுபவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. ஆனால் தாம் பேசுவது எந்தப் பிணைப்பைப் பற்றி, புரதத்தின் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தைப் பற்றி என்பதில் கவனம் தவறிவிடுகிறது.

சங்கிலி இரண்டு என்று அறிந்தவுடன் மரபணுவும் இரண்டு என்று முடிவு கட்டுவது இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை. மனிதனில் இன்சுலினுக்கு மரபணு ஒன்றே. கணையத்தின் பீட்டா செல்களில் முதலில் உருவாவது 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீண்ட சங்கிலி. அதன் தொடக்கத்தில் உள்ள 24 அமினோ அமிலங்கள், சங்கிலியைச் செல்லின் உள்ளே எண்டோபிளாச வலை என்ற சவ்வு அமைப்புக்குள் செலுத்துவதற்கான அடையாளச் சீட்டு. உள்ளே நுழைந்ததும் அந்தப் பகுதி வெட்டி நீக்கப்படுகிறது. மீதமுள்ள 86 அமினோ அமிலங்களும் ஒரே சங்கிலியாக இருக்கும் நிலையில்தான் அது மடிகிறது. மூன்று டைசல்பைடு பிணைப்புகளும் அப்போதே அமைந்துவிடுகின்றன. அதன் பிறகு நடுவிலுள்ள 31 அமினோ அமிலப் பகுதியும், அதன் இருபுறமும் இணைப்பாக நின்ற இரண்டிரண்டு அமினோ அமிலங்களும் வெட்டி எடுக்கப்படுகின்றன. எஞ்சுவது 51. வெட்டப்பட்ட அந்த 31 அமினோ அமிலத் துண்டின் பெயர் சி-பெப்டைடு. அது இன்சுலினோடு சேர்ந்தே இரத்தத்தில் வெளியிடப்படுவதாலும், ஊசியில் செலுத்தும் இன்சுலினில் இல்லாததாலும், நோயாளியின் கணையம் தானாக எவ்வளவு சுரக்கிறது என்பதை அறிய மருத்துவர்கள் இரத்தத்தில் சி-பெப்டைடின் அளவைப் பார்க்கிறார்கள். சங்கிலி எப்படி வெட்டப்பட்டது என்பது தெரியாதவருக்கு அந்தப் பரிசோதனை ஏன் எழுதித் தரப்பட்டது என்பதும் விளங்காது.

இதே இடத்தில் இன்னொரு வழுக்கலும் உண்டு. இரண்டு சங்கிலிகள் இருப்பதால் இன்சுலினுக்கு நான்காம் நிலை அமைப்பு இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். தனித்தனியாக மடிந்த துணை அலகுகள் ஒன்றுகூடுவதைத்தான் நான்காம் நிலை அமைப்பு என்கிறோம். இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா சங்கிலிகள் சேர்ந்த ஹீமோகுளோபின் அதற்கு நல்ல உதாரணம். ஏ, பி சங்கிலிகளோ ஒன்றாகவே மடிந்து பின்னர் வெட்டுப்பட்டவை. பீட்டா செல்லின் சேமிப்புத் துகள்களில் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாக அயனிகளைச் சுற்றி அறுவராகக் கூடியிருக்கும் நிலையே இன்சுலினின் நான்காம் நிலை அமைப்பு.

எல்லாப் புரதங்களும் மெத்தியோனினில் தொடங்குகின்றன என்ற வாக்கியத்தையும் திருத்தி எழுத வேண்டும். மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதச் சங்கிலியைக் கோக்கும் மொழிபெயர்த்தல், பெரும்பாலும் ஏயுஜி என்ற கோடானில், அதாவது மூன்றெழுத்துத் தொகுதியில், தொடங்குகிறது என்பது உண்மை. ஆகவே உருவாகும் சங்கிலியின் முதல் அமினோ அமிலம் மெத்தியோனின். ஆனால் முதிர்ந்த புரதத்தில் அது இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. இன்சுலினின் பி சங்கிலி பினைல்அலனினிலும், ஏ சங்கிலி கிளைசினிலும் தொடங்குகின்றன. கதிர் அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் மாற்றம் நேர்கிறது என்று ஒரு நூலும், 7-ஆம் இடத்தில் என்று இன்னொரு நூலும் சொல்வதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. நீக்கப்பட்டுவிடும் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணினால் 7, விட்டுவிட்டு எண்ணினால் 6.

அந்த நோயின் உதாரணத்திலேயே மாணவர்கள் மிகுதியாக மதிப்பெண் இழக்கும் பிழையையும் காட்டிவிடலாம். மரபணுவின் இரண்டு டி.என்.ஏ. இழைகளில் ஒன்றான குறியீட்டு இழையில் ஜிஏஜி என்றிருந்தது ஜிடிஜி என மாறியது என்று வினாவில் கொடுத்திருப்பார்கள். டி.என்.ஏ. எழுத்துகளைப் பார்த்தவுடன் ஜோடி எழுத்தைப் போட வேண்டும் என்ற பழக்கத்தில், மாணவர் ஜிஏஜி-க்கு சியுசி என்றும் ஜிடிஜி-க்கு சிஏசி என்றும் எழுதி, கோடான் அட்டவணையைப் பார்த்து, லியூசின் ஹிஸ்டிடினாக மாறியது என்று முடிப்பார். ஒவ்வொரு படியும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கும். விடை மட்டும் முற்றிலும் தவறு. ஜோடி எழுத்து போட வேண்டியது மற்றோர் இழையான வார்ப்புரு இழைக்கே. தூது ஆர்.என்.ஏ. உருவாவது வார்ப்புரு இழையைப் பார்த்து. எனவே அது குறியீட்டு இழையைப் போலவே இருக்கும், தைமின் இருக்கும் இடத்தில் யுராசில் இருக்கும், அவ்வளவுதான். ஜிஏஜி என்பது ஜிஏஜி-யாகவே தூது ஆர்.என்.ஏ.வில் வந்து குளூட்டாமிக் அமிலத்தைத் தரும். ஜிடிஜி என்பது ஜியுஜி ஆகி வாலினைத் தரும். கொடுத்திருப்பது எந்த இழை என்பதைக் கேள்வியிலேயே அடிக்கோடிட்ட பின் எழுதத் தொடங்குவது நல்லது.

அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ.வில், கோடானோடு பொருந்தும் மூன்று எழுத்துகளே எதிர்க் கோடான்; அதை அட்டவணையில் தேடுவதும் இதன் உடன்பிறப்பு. மெத்தியோனினைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ.வில், ஏயுஜி-க்கு நேரெதிரே பொருந்தும் எழுத்துகள் யுஏசி. அதைக் கொண்டுபோய் அட்டவணையில் பார்த்தால் டைரோசின் என்றிருக்கும். 64 கோடான்கள் கொண்ட அந்த அட்டவணை முழுவதும் தூது ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளால், 5' முனையிலிருந்து 3' முனை நோக்கிப் படிக்கும் வரிசையில் ஆனது. அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிப்பவை, மூன்று நிறுத்தக் கோடான்கள்.

"அவருடைய மரபணுக் குறியீட்டில் மாற்றம்" என்று நாளிதழ்கள் எழுதுவது வேறொரு வகைக் குழப்பம். மாறுவது மரபணுவின் எழுத்து வரிசை. குறியீடு என்பது எந்தக் கோடானுக்கு எந்த அமினோ அமிலம் என்ற விதி. அது சில விதிவிலக்குகள் தவிர, பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை ஒன்றே. அந்த ஒற்றுமை இல்லாவிட்டால் 1978-இல் ஈ. கோலை பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை உருவாக்கியிருக்க முடியாது. 1982-இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றிருக்கவும் முடியாது. ஆனால், விதி ஒன்றே என்பதால் மனித மரபணுவை அப்படியே எடுத்து பாக்டீரியாவில் வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. மனித இன்சுலின் மரபணுவில் இடையிடையே, புரதத்துக்கான வரிசையில் சேராத இன்ட்ரான்கள் என்ற பகுதிகள் உள்ளன. அவற்றை வெட்டி நீக்கி மீதியை ஒட்டும் ஏற்பாடு பாக்டீரியாவில் இல்லை. அதனால் ஏ, பி சங்கிலிகளுக்கான டி.என்.ஏ. துண்டுகளை வேதியியல் முறையில் தனித்தனியே செய்து, சங்கிலிகளைத் தனித்தனியே உருவாக்கி, பிறகு இணைத்தார்கள். இரண்டு சங்கிலிக்கு இரண்டு மரபணு என்ற கூற்று பொருந்தியது ஆய்வகத்தில் நடந்த அந்தச் செயலுக்குத்தான்.

இனி, செல்லில் புரதச் சங்கிலியைக் கோக்கும் துகளான ரைபோசோம். சரியான அமினோ அமிலத்தைத் தேர்ந்தெடுப்பது ரைபோசோம் என்று எழுதுவது பரவலான பிழை. ரைபோசோம் சரிபார்ப்பது கோடானும் எதிர்க் கோடானும் பொருந்துகின்றனவா என்பதையே, கடத்து ஆர்.என்.ஏ.வின் மறுமுனையில் தொங்குவது உரிய அமினோ அமிலம்தானா என்பதை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. 1962-இல் இதை அழகாக நிரூபித்தார்கள். சிஸ்டீனைச் சுமந்திருந்த கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, சுமை இறங்காதபடியே சிஸ்டீனிலிருந்த கந்தகத்தை மட்டும் வேதிவினையால் நீக்கி, அதை அலனினாக்கிவிட்டார்கள். ரைபோசோம் ஏமாந்தது; சிஸ்டீன் வர வேண்டிய இடங்களில் அலனின் சேர்ந்தது. ஆகவே, உரிய அமினோ அமிலத்தை உரிய கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்றிவிடும் நொதிகளே இங்கு உண்மையான மொழிபெயர்ப்பாளர்கள். பாடநூல்கள் அவற்றுக்கு ஒரு வரியோடு இடம் முடித்துவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

பெப்டைடு பிணைப்பை உருவாக்கும் வினையை ஊக்குவிப்பது ரைபோசோமில் உள்ள ஒரு புரதம் என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். ரைபோசோமின் இரு துணை அலகுகளில் பெரியதன் அமைப்பு 2000-ஆம் ஆண்டில் நுட்பமாகத் தெரியவந்தபோது, வினை நிகழும் மையத்தைச் சூழ்ந்திருப்பது ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்பது உறுதியாயிற்று. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், சிறிய துணை அலகின் அமைப்பைக் கண்டறிந்து, தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் ரைபோசோமைக் கண்டுபிடித்தார் என்று பொது அறிவு நூல்களில் எழுதுகிறார்கள். செல்லுக்குள் அந்தத் துகள்களை 1950-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தவர் ஜார்ஜ் பலாடே.

படம் வரையும்போது நேரும் பிழைகளும் உண்டு. புரதச் சங்கிலி சுருண்டு அமையும் ஆல்பா சுருளை வரைந்துவிட்டு, அதைத் தாங்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகளுக்கு இடையே போடுவது வழக்கமாக இருக்கிறது. அவை அமைவது சங்கிலியின் முதுகெலும்பில்: ஓர் அமினோ அமிலத்தின் கார்பனைல் ஆக்சிஜனுக்கும், அதற்கு அப்பால் நான்காவதாக வரும் அமினோ அமிலத்தின் நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜனுக்கும் இடையில். அதுபோலவே, சங்கிலி எல்லா இடத்திலும் விருப்பப்படி சுழலும் என்று நினைப்பதும் சரியன்று. பெப்டைடு பிணைப்பு ஏறக்குறையத் தட்டையானது, சுழலாதது. சுழற்சி உள்ளது ஆல்பா கார்பனின் இரு பக்கங்களிலும்தான். அந்த இரு கோணங்களுக்கும்கூட எல்லா மதிப்புகளும் கிடைக்காது, பல சேர்க்கைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் வரைபடமாக்கிக் காட்டினர். இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பு வெளியிடப்படும்போது அது ராமச்சந்திரன் வரைபடத்தில் சோதிக்கப்படுகிறது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55-இல் முன்வைத்த கொலாஜனின் மும்மைச் சுருளை ஆல்பா சுருளின் ஒரு வகை என்று எழுதிவிடக் கூடாது. அது மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய, முற்றிலும் வேறான அமைப்பு.

புரதத்தின் மடிப்பு குலைவதைக் குறிக்கும் இயல்பிழத்தல் என்ற சொல்லே அதிகமாகத் தவறாகக் கையாளப்படுகிறது. முட்டை வேகும்போது வெள்ளைக்கருவின் பெப்டைடு பிணைப்புகள் உடைகின்றன என்று எழுதுவோர், அந்தப் பிணைப்பின் உறுதியை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆய்வகத்தில் ஒரு புரதத்தை முழுமையாக அமினோ அமிலங்களாக்க, அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரி செல்சியசில் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் வைக்க வேண்டியிருக்கிறது. பத்து நிமிடக் கொதிநீரில் குலைவது மடிப்பு; மடிப்பு அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் வெள்ளைக்கரு கெட்டியாகிறது. பிணைப்பே உடைவது நீராற்பகுப்பு. இவை இரண்டும் இன்சுலின் குப்பியின் கதையில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. அதை மாத்திரையாக விழுங்க முடியாததற்கு முதற்காரணம், செரிமான நொதிகள் அதன் பெப்டைடு பிணைப்புகளை வெட்டிவிடும் என்பது. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்துபோனதை உருகிய பின்னும் பயன்படுத்தக் கூடாது என்பதற்கோ வேறு காரணம்: அங்கே வரிசை அப்படியே இருக்கும், மடிப்பும் மூலக்கூறுகள் கூடியிருக்கும் முறையும் கெட்டுவிடும்.

இயல்பிழந்த புரதம் ஒருபோதும் மீளாது என்பதும் முட்டையை மட்டும் பார்த்துச் சொல்வது. 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் நொதியை யூரியாவால் மடிப்பவிழச் செய்து, அதன் நான்கு டைசல்பைடு பிணைப்புகளையும் முறித்து, பிறகு அந்தப் பொருள்களை நீக்கிப் பார்த்தார் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன். நொதி தானாகவே பழைய வடிவுக்கு மடிந்து வேலை செய்தது. இடையில் வெட்டுப்பட்டுவிட்ட இன்சுலினோ, தன் துண்டை இழந்துவிட்டதால், இந்த அளவுக்குச் சுலபமாக மீளாது. பால் தயிராவதை இயல்பிழத்தலுக்கு உதாரணமாகக் காட்டுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கேசின் தொடக்கத்திலேயே தளர்வான அமைப்புடைய புரதம். அமிலம் கூடி அமிலகாரச் சுட்டெண் 4.6-ஐ நெருங்கும்போது அதன் துகள்கள் மின்சுமை இழந்து ஒன்றுசேர்ந்து படிகின்றன. அவிழ்வதற்கு அங்கே பெரிய மடிப்பு எதுவும் இருக்கவில்லை.

கடைசியாக, இன்சுலின் சர்க்கரையை எரிக்கிறது, சர்க்கரையைச் செல்லுக்குள் தூக்கிச் செல்கிறது என்ற வாக்கியங்கள். இன்சுலின் நொதியும் அல்ல, கடத்தியும் அல்ல. அது செல்லின் வெளிப்பரப்பில் உள்ள ஏற்பியில் சென்று பொருந்துகிறது. அதன் விளைவாகத் தசை, கொழுப்புச் செல்களின் உள்ளே காத்திருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் செல்சவ்வுக்கு வந்து சேர்கின்றன. குளுக்கோசை உள்ளே விடுவது அந்தக் கடத்திப் புரதங்களின் வேலை. அந்த ஏற்பியும் இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா என நான்கு சங்கிலிகள் டைசல்பைடு பிணைப்புகளால் இணைந்த புரதம்தான். அதற்கும் மரபணு ஒன்றே, ஓர் ஆல்பாவும் ஒரு பீட்டாவும் ஒரே நீண்ட சங்கிலியாகப் பிறந்து பின்னர் வெட்டுப்பட்டவையே.