கோவேறு கழுதை வாங்கும்போதும் விற்கும்போதும் சறுக்கும் இடங்கள்

தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்துவிட்டால் நமக்கு ஒரு வேகம் வந்துவிடும். கோவேறு கழுதை வாங்கப் போனவருக்கு அந்த வேகம் ஆகாது. குதிரைக்கு வலித்தால் காட்டிக்கொடுத்துவிடும். பெண் குதிரைக்கும் ஆண் கழுதைக்கும் பிறந்த இதுவோ, தகப்பன் வழிக் குணமாக வலியை முழுங்கிக்கொண்டு நிற்கும். கட்டிப்போட்ட இடத்தில் பார்த்தால் எல்லாம் நல்ல உருப்படிதான்.

அதனால் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போங்கள். லேசான நொண்டல் கொஞ்ச தூரம் நடந்ததும் மறைந்துவிடும். வலிமருந்து கொடுத்திருந்தால் சுத்தமாகத் தெரியாது. கொட்டிலைவிட்டு வெளியே வரும் முதல் பத்து அடியைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஓர் இறக்கத்தில் நடக்கவிட்டுப் பாருங்கள்.

முதுகிலும் வார் இறுக்கும் இடத்திலும் வெள்ளை மயிர்த் திட்டு இருந்தால் பழைய சேணப் புண் ஆறிய தடம். தடம் மட்டும் என்றால் பரவாயில்லை; விரலால் அழுத்தும்போது முதுகை நெளித்துக் கீழே இறக்கினால் விட்டுவிடுங்கள். நான்கு காலையும் நீங்களே தூக்கிப் பாருங்கள். விற்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும் பின்னங்கால், லாடம் அடிக்க வரும் புது ஆளை உதைக்கலாம்.

காதைத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன். விற்றவரே கடிவாளத்தை மாட்டிக் கையில் கொடுத்தார், சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில்தான் தெரிந்தது, காதுப் பக்கம் கை போனாலே தலையைத் தூக்கிப் பின்வாங்குகிறது. அடங்காததைக் காதை முறுக்கிப் பிடிப்பார்கள். அதை அது மறக்கவே இல்லை. ஒரு மாதம் வார்ப்பூட்டைக் கழற்றி, காதில் படாமல் சுற்றித்தான் மாட்ட வேண்டியிருந்தது.

சுழி பார்ப்பவர்கள் பார்க்கட்டும், எனக்கு வழக்கில்லை. குளம்பைப் பார்த்த பிறகு பார்க்கட்டும்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதைத் தாராளமாகப் பார்க்கலாம். மேல்வரிசை முன்பற்களில் ஓரப் பல்லில் 10 வயதுவாக்கில் ஈறோரம் ஒரு பள்ளக்கோடு தொடங்கும், 15இல் பாதிப் பல் வரை வரும், 20இல் நுனியைத் தொடும். தோராயக் கணக்குதான். ஆனால் கோடு தெரிந்ததும் கிழடு என்று ஒதுக்குவது தப்பு. 30 வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. பத்து வயதெல்லாம் நல்ல முறுக்கான பருவம். மூன்று வயதுக் குட்டியை மலிவு என்று வாங்கி முழுப் பொதி ஏற்றுவதுதான் நஷ்டம்.

‘மலடுதானே, காயடிக்காவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. குட்டி போடவைக்காது, சரி. ஆண் என்ற மூர்க்கம் அப்படியே இருக்கும். காயடிக்காததை வாங்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் கொட்டிலுக்குள் விடக் கூடாது. குதிரை, கழுதை இனத்துக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியானால் அந்த உருப்படியைக் கொன்றுவிடுவார்கள். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்குப் பரிசோதனை உண்டு. உள்ளூர்க் கால்நடை மருத்துவரைக் கேட்டால் வழி சொல்வார்.

விற்பவர்கள் ‘எவ்வளவு ஏற்றினாலும் தூக்கும்’ என்று பெருமை பேசுவதை விட்டுவிடலாம். இழுவை, பொதி விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965ஆம் ஆண்டு விதிகளின்படி கோவேறு கழுதைக்குப் பொதி வரம்பு 200 கிலோ. அதுவும் உச்சவரம்பு, ஒவ்வொன்றும் அவ்வளவு தாங்கும் என்று அர்த்தமில்லை. உதைக்கும் என்றால் உதைக்கும் என்றே சொல்லுங்கள்; பழகத் தெரிந்தவர் வாங்கிக்கொள்வார், மறைத்தால் மூன்றாம் நாள் வாசலில் வந்து நிற்பார்கள். கூட்டத்தில் மணி கட்டிய பெண் குதிரைக்குப் பின்னாலேயே நடந்து பழகியதா, அதையும் சொல்லிவிடுங்கள். தனியாகப் பிரித்துக் கொண்டுபோனால் ஓரடி நகராமல் அடம் பிடிக்கும்.

முடிந்தால் அதன் சேணத்தையும் சேர்த்தே கொடுங்கள். முதுகில் மேடு குறைவு என்பதால் குதிரைச் சேணம் இறக்கத்தில் கழுத்துக்கு வந்துவிடும்; வாலுக்கடியில் பட்டை கொடுத்துக் கட்டியதுதான் நிற்கும்.