நடைபாதையில் ஒருவர் விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

பாரிமுனையிலோ கோயம்பேட்டிலோ நடைபாதையோரம் ஒருவர் சுருண்டு கிடப்பதைக் கண்டால், ‘குடித்துவிட்டுக் கிடக்கிறார்’ என்று மனம் தானாகவே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அழுக்கு லுங்கியும் சவரம் செய்யாத முகமும் சேர்ந்துகொண்டால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது. உதவி கிடைக்குமா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. இர்விங் பிலியாவின் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1969-ல் வெளியிட்ட நியூயார்க் சுரங்க ரயில் ஆய்வில், ஓடும் ரயிலில் ஒருவர் விழுவதுபோல் நடித்தார். கைத்தடியுடன் விழுந்தபோது 65-ல் 62 முறை பயணிகள் தாமாக உதவினர். மது வாடையுடனும் கையில் பாட்டிலுடனும் விழுந்தபோது 38-ல் 19 முறைதான்.

ஆகவே முதல் வேலை, அருகில் செல்வது. ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்தவருக்கும் நாக்குழறும், நடை தள்ளாடும், பேச்சில் எரிச்சல் தெரியும், உடல் வியர்த்துக் கொட்டும்; தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது அப்படியே குடிபோதைதான். தோளைத் தட்டி, “ஐயா, என்ன செய்யுது? சுகர் இருக்கா?” என்று கேளுங்கள். அவர் தெளிவாகப் பதில் சொல்லி, விழுங்கவும் முடிந்தால், பக்கத்து டீக்கடையில் சர்க்கரை கரைத்த தண்ணீர் வாங்கிக் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மயக்கம் என்றதும் சோடாவைத் தேடி ஓடுவது நம் ஊர்ப் பழக்கம்; அந்தச் சோடா மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்தாகும். மூச்சு சீராக இருந்து, அடிபட்ட அறிகுறியும் இல்லையென்றால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மது வாடை அடித்தாலும் இவ்வளவும் பொருந்தும். மதுவும் சர்க்கரையைக் குறைக்கும், குடித்தவருக்கும் தலையில் அடிபடும்.

கூட்டம் கூடிவிட்டால் நிலைமை எளிதாவதில்லை. உளவியலாளர்கள் டார்லியும் லத்தானேயும் 1968-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு வந்தவரின் குரலைத் தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடிச் சென்றனர். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதத்தினரே சென்றனர். எனவே “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. “நீலச் சட்டை தம்பி, 108-க்கு போன் பண்ணுங்க, அக்கா, நீங்க கொஞ்சம் கூட்டத்தை விலக்குங்க” என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். அழைப்பவர் தெருப் பெயரோடு பஸ் நிறுத்தத்தின் பெயரையும் சொல்லட்டும்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற அச்சமே பலரை உதவாமல் விலகிப் போக வைக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு வழக்குகளிலிருந்து பாதுகாக்கிறது. ஆம்புலன்ஸ் வந்ததும், அவரை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், குடிக்க என்ன கொடுத்தீர்கள், சட்டைப்பையில் மாத்திரை அட்டை ஏதும் இருந்ததா என்ற மூன்றையும் ஊழியரிடம் சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பலாம்.