மேரிலாந்தில் வீடு பார்க்கும் முன்: எந்தக் கவுண்டி, எந்தப் பள்ளி?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக்கு மாறி வருபவர்கள் முதலில் கேட்பது, "மாண்ட்கோமரியா, ஹோவர்டா, எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) பள்ளி நன்றாக இருக்கும்?" என்றுதான். அந்தக் கேள்வியோடு வீடு தேடினால் வாடகை கூடும், பள்ளி தவறிப்போகும். இங்கே 23 கவுண்டிகளும் பால்டிமோர் நகரமுமாக மொத்தமே 24 பள்ளி மாவட்டங்கள், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள். நியூ ஜெர்சியைப்போல ஊருக்கு ஊர் தனிப் பள்ளி வரி கிடையாது. பள்ளி வாரியத்துக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. கவுண்டி தரும் பணமும் மாநிலம் தரும் பணமும் சேர்ந்துதான் மாவட்டம் முழுவதற்கும் பிரிகிறது. ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் பள்ளிக்குப் பள்ளி பெரிய வித்தியாசம் உண்டு.

'ஒரு மாணவருக்கு இவ்வளவு டாலர் செலவு' என்ற கணக்கைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். கவுண்டியின் சொத்து மதிப்பு, மக்களின் வருமானம் இரண்டையும் மாணவர் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்து, வசதி குறைந்த இடத்துக்கு மாநிலம் அதிகம் தருகிறது. ஓஷன் சிட்டி கடற்கரை வீடுகளால் வூஸ்டர் கவுண்டிக்குச் சொந்தப் பணமே ஏராளம். பக்கத்திலிருக்கும் சோமர்செட் மாநிலப் பணத்தை நம்பியே நடக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்பவர்கள், சிறப்புக் கல்வி தேவைப்படுபவர்கள் ஆகியோருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் தொகை உண்டு. 2021-இல் வந்த, பள்ளி நிதியை மாற்றியமைத்த 'புளூபிரிண்ட்' என்ற மாநிலச் சட்டம் அதை இன்னும் விரித்தது. பால்டிமோர் நகரத்தில் செலவு அதிகமாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செலவுக் கணக்கு தேவையையோ கவுண்டியின் வசதியையோதான் காட்டும், தரத்தை அல்ல.

மாண்ட்கோமரியில் குறைந்த வருமானக் குடும்பங்கள் அதிகமுள்ள தொடக்கப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளில் ஒரு வகுப்பறைக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கையைக் குறைத்து வைக்கிறார்கள். மதிப்பெண்ணைப் பார்த்து நம்மவர்கள் ஒதுக்கும் பள்ளியில் ஆசிரியரின் கவனம் கூடுதலாகக் கிடைக்கலாம்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன், வீட்டின் முழு முகவரியைப் பள்ளி மாவட்டத்தின் எல்லைத் தேடலில் (எந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று காட்டும் இணையப் பக்கம்) போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரையோ விளம்பரத்தையோ நம்ப வேண்டாம்; ஒரே ஊரில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி. புதுப் பள்ளி திறந்தால் எல்லையும் மாறும், அதனால் எல்லை மாற்ற ஆய்வு நடக்கிறதா என்றும் கேளுங்கள். பிறகு பள்ளிகளை மதிப்பிடும் மாநிலத்தின் 'ரிப்போர்ட் கார்டு' இணையதளத்தில் அந்தப் பள்ளியைத் திறங்கள். ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்பதோடு நிற்காமல், பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்ற பகுதியையும், பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். வீடு விற்கும் தளங்கள் போடும் பத்துக்கு எட்டு, ஒன்பது எல்லாம் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்தான்; அது பெற்றோரின் வருமானத்தை ஒட்டியே ஏறி இறங்கும்.

சேர்க்கையில் பலரும் தடுக்கி நிற்கும் இடம் இரண்டு. சின்னம்மை ஊசி இரண்டு தவணை கேட்பார்கள். இந்திய அரசின் இலவச அட்டவணையில் அது இல்லை என்பதால், ஊரிலேயே தனியாகப் போட்டுச் சான்று வாங்கி வந்துவிடுங்கள். அடுத்தது, வீட்டில் பேசும் மொழியைக் கேட்கும் வீட்டு மொழிப் படிவம். 'தமிழ்' என்று எழுதினால் பிள்ளையைக் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதுகிறார்கள். வகுப்பு அதனால் மாறாது. ஒரு சிறு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், தேவைப்பட்டால் தனி ஆங்கில ஆசிரியர் கிடைப்பார். பொய்யாக எழுதினால் பிள்ளைக்கு அந்த உதவிதான் போய்விடும்.