பூச்சந்தை நெட்வொர்க்கில் விடுபட்ட இணைப்புகளைக் கணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையின் கொள்முதல் கணக்கை நெட்வொர்க்காக வரைந்தால் ஒரு பக்கம் கமிஷன் கடைகள், மறுபக்கம் சில்லறைப் பூ வியாபாரிகள். வாங்கியிருந்தால் ஒரு கோடு. கடைக்கும் கடைக்கும் கோடு கிடையாது, வியாபாரிக்கும் வியாபாரிக்கும் கிடையாது. இனி யார் யாரிடம் வாங்கக்கூடும் என்று மெஷின் லேர்னிங் மூலம் கணிக்க வருபவர்கள் பலர் இந்த இடத்திலேயே சறுக்குகிறார்கள்.

நட்பு வலைகளுக்கான 'பொது அண்டையர்' (இருவரோடும் கோட்டால் இணைந்தவர்கள் எத்தனை பேர்), ஜக்கார்டு (இருவரின் மொத்த அண்டையரில் அந்தப் பொதுவானவர்களின் பங்கு) அளவுகளை அப்படியே எடுத்துப் போடுவதுதான் முதல் தவறு. கடையின் அண்டையர் அத்தனை பேரும் வியாபாரிகள். வியாபாரியின் அண்டையர் அத்தனையும் கடைகள். பொதுவாக ஒருவரும் இருக்க வழியில்லை, எனவே எல்லா ஜோடிக்கும் 0 வரும். நெட்வொர்க் கணக்குகளுக்கான பைத்தான் நிரல்தொகுப்பான நெட்வொர்க்எக்ஸ் எந்த எச்சரிக்கையும் தராமல் அந்த 0-வைக் கொடுத்துவிடும். மூன்று அடிப் பாதைகளை எண்ணுங்கள்: வியாபாரி, அவர் வாங்கும் கடை, அங்கே வாங்கும் இன்னொருவர், அவருடைய மற்றொரு கடை. நடுவில் வரும் இருவரின் கோடுகளின் எண்ணிக்கையைப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் ஒவ்வொரு பாதையையும் வகுக்க வேண்டும். வகுக்காவிட்டால் பெரிய கடைகளே பட்டியல் முழுக்க நிற்கும்.

அடுத்தது கசிவு, மிக அதிகம் ஏமாற்றுவது இதுதான். முழு நெட்வொர்க்கிலும் அளவுகளைக் கணக்கிட்டுவிட்டு, பிறகு சோதனைக்கு 10% கோடுகளைப் பிரிப்பார்கள். விடை ஏற்கெனவே அளவுக்குள் புகுந்திருக்கும். அணிப் (மேட்ரிக்ஸ்) பெருக்கலில் மூன்று அடி நடைகளை எண்ணினால், கோடு உள்ள ஜோடிக்கு அந்தக் கோட்டின் வழியாகவே போய்த் திரும்பும் நடைகளும் சேரும்: இரு முனைகளின் கோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டி 1 கழித்தால் வரும் அளவுக்கு. ஆகவே முதலில் பிரியுங்கள், பிறகு கணக்கிடுங்கள். பயிற்சிக்கான கோட்டுக்கு அளவு எடுக்கும்போதும் அந்தக் கோட்டை மட்டும் தற்காலிகமாக நீக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, 'இல்லை' என்ற ஜோடிகளைத் தேர்ந்தெடுப்பது. 40 கடைகள், 600 வியாபாரிகள், 1,800 கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஜோடிகள் 24,000. சோதனைக்கு 180 கோடுகளை மறைக்கிறோம். மாடல் அவற்றில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, கோடில்லாத ஜோடிகளில் 5 சதவீதத்தைத் தவறாக 'உண்டு' என்கிறது. 180-க்கு 180 என்று சமமாக எடுத்துச் சோதித்தால் 162 சரி, 9 தவறு. துல்லியம், அதாவது 'உண்டு' என்றவற்றில் சரியானவற்றின் பங்கு, 95 சதவீதத்தைத் தொடும். கோடில்லாத 22,200 ஜோடிகளையும் வைத்தால் தவறு 1,110. துல்லியம் 13 சதவீதத்துக்கும் கீழே. மாடல் ஒன்றேதான். ஏயூசி மதிப்பெண் (கோடுள்ள ஜோடியைக் கோடில்லாத ஜோடிக்கு மேலே மாடல் வைக்கும் வாய்ப்பு) இந்தச் சரிவைக் காட்டாது. ஒவ்வொரு வியாபாரிக்கும் முதல் 3 பரிந்துரைகளில் எத்தனை சரி என்று பாருங்கள். பில் போடாத கடன் கொள்முதலும் 'இல்லை' என்றே பதிவாகியிருக்கும் என்பதால் அந்தப் பக்கத்தை முழுசாக நம்பவும் கூடாது.

கோடுகளைக் குலுக்கிப் பிரிப்பதும் பிழை. மார்கழியில் கல்யாணம் இல்லை, பனியால் மல்லிகை வரத்தும் குறைவு; தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். தை மாதக் கோடுகளில் கற்று மார்கழியைக் கணிப்பது எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டே எதிர்காலம் சொல்வது. தேதி வைத்தே பிரிக்க வேண்டும். சோதனைக் காலத்தில் ஒரு முகூர்த்த மாதமாவது இருக்கட்டும்.

ஒரே கடை இரண்டு பெயரில் பதிவாகியிருந்தால் பொய்யான 'புதிய இணைப்பு' முளைக்கும். பெயர்களை முதலில் சரிபாருங்கள். கோடுகளைப் பிரித்தபின் ஒரு கோடும் மிஞ்சாத வியாபாரிகளைத் தனியாக மதிப்பிடுங்கள். அவர்களுக்குப் பாதை எண்ணிக்கை எதுவும் சொல்லாது. என்ன பூ விற்கிறார், எந்தப் பகுதியில் கடை என்ற விவரங்கள்தான் உதவும். எந்த மாடலானாலும் இரு முனைகளின் கோடுகளின் எண்ணிக்கையை வெறுமனே பெருக்கி வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டாத நியூரல் நெட்வொர்க், எந்தக் கடை பெரியது என்பதை மட்டுமே கற்றிருக்கிறது.