பனியன் கம்பெனிக்குள் சாப்ட்வேர் நுழைக்கிற வழி

ஈஆர்பி, அதாவது ஸ்டாக், சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற சாப்ட்வேர், வாங்கப் போகிறேன் என்று வருகிற திருப்பூர் முதலாளிகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: டெமோ பார்க்கிறதுக்கு முன்னால் உங்கள் துணி ஸ்டோரில் கிடக்கும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நான் கணக்குப் பிரிவிலிருந்து இந்த வேலைக்கு வந்தவள். கலர் கலரான சார்ட்டை விட எனக்கு அந்த நோட்டின் மேல்தான் நம்பிக்கை.

எந்த டையிங்குக்கு (சாயப் பட்டறைக்கு) எத்தனை ரோல், எத்தனை கிலோ போனது, எவ்வளவு திரும்பியது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு நோட்டில் எடைக்குப் பக்கத்தில் பென்சிலில் ‘ஈரம்’ என்று எழுதியிருந்தது. துணி சரியாகக் காயாமல் வந்திருக்கிறது, எடை கூடக் காட்டும், காய்ந்த பிறகு மறுபடி போட வேண்டும் என்று அர்த்தம். சாப்ட்வேரில் இதற்குக் கட்டமே கிடையாது. ஆகவே சாப்ட்வேர்காரரை முதலாளி ரூமில் உட்கார வைக்காமல் ஸ்டோரில், எடைத் தராசு பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஸ்டோர்காரர், “எனக்கு இதெல்லாம் ஆகாது அம்மிணி” என்பார். கம்ப்யூட்டர் மேல் அவருக்குப் பயமில்லை. ‘அண்ணனைக் கேட்டால்தான் தெரியும்’ என்கிற மரியாதை போய்விடுமே என்கிற கவலைதான். டைப் அடிப்பதை ஒரு இளவட்டத்திடம் விடுங்கள். துணி வரவுக்கு ஒப்புதல் கொடுக்கிற அதிகாரம் அவரிடமே இருக்கட்டும்.

எல்லாப் பிரிவையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஜாப் ஒர்க்கில், அதாவது டையிங் மாதிரி வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலையில், தொடங்குவது நல்லது. ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி 1 வருடத்துக்குள் திரும்பியாக வேண்டும், அனுப்பியதையும் திரும்பியதையும் ஐடிசி-04 என்கிற ஜிஎஸ்டி படிவத்திலும் காட்ட வேண்டும். அதனால் பலன் ஆபீசுக்கு உடனே தெரியும். ஏப்ரல் 1 சௌகரியமான தேதி. வருடக் கடைசி ஸ்டாக்கை எப்படியும் எண்ணித்தான் ஆக வேண்டும். தீபாவளிக்கு முந்தின மாதம் வேண்டவே வேண்டாம். போனஸ் பேச்சும் ஷிப்மென்ட் அவசரமும் சேர்ந்திருக்கும்போது யார் பாஸ்வேர்டை ஞாபகம் வைப்பார்கள்?

அப்புறம் டைலர்கள். தையல் லைனில் பீஸ்களை எண்ண டேப்லெட் வைத்தால், பீஸ் ரேட்டை (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்கிற கூலியை) குறைக்கத்தான் இந்தக் கணக்கு என்று மதியச் சாப்பாட்டுக்குள் பேச்சு பரவிவிடும். ரேட்டில் கை வைக்க மாட்டோம் என்று முதலாளியே லைனுக்கு வந்து சொல்ல வேண்டும், இந்தியிலும் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். சனிக்கிழமை சம்பளத்தில் டைலர் கணக்கும் டேப்லெட் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், டைலர் கணக்குப்படி கொடுத்துவிடுங்கள். வித்தியாசத்தைத் திங்கட்கிழமை தேடலாம்.

இத்தனையும் செய்த பிறகு சாப்ட்வேரைக் கெடுப்பவர் பெரும்பாலும் முதலாளிதான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டோர்காரருக்குப் போன் போட்டு, “நேவி ப்ளூ எத்தனை கிலோ இருக்கு?” என்பார். அவர் நோட்டைப் பார்த்துச் சொல்வார். அது சரியாகவும் இருக்கும்! மறுநாளிலிருந்து யாரும் ஒழுங்காக என்ட்ரி போட மாட்டார்கள். நோட்டை மூடும் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள். அதற்குப் பிறகு ஸ்கிரீனில் உள்ளதை மட்டும் கேளுங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

சாப்ட்வேர் கம்பெனிக்குக் கடைசித் தவணையை மட்டும் நிறுத்தி வையுங்கள். ஒரு மாதக் கடைசியில் ஸ்கிரீன் ஸ்டாக்கும் ரேக்கில் இருக்கும் துணியும் ஒத்துப்போன பிறகு கொடுக்கலாம்.